பிரேக் இல்லாத பக்கம்

சீட் பெல்ட் மறுபடியும் வயிற்றுக்கு ஏறிவிட்டது. மாசானமுத்து இரண்டு கட்டைவிரல்களையும் அதற்குள் நுழைத்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டார். இறக்கிவிட்டால் கொஞ்ச நேரம் சொன்ன பேச்சு கேட்கிறது. வண்டி ஒரு வளைவில் சாய்ந்து, இவர் உடம்பும் அந்த வழவழப்பான தோல் சீட்டில் ஒரு விரற்கடை சரிந்தால் போதும், சவத்து பெல்ட் பூனை மாதிரி மெல்ல ஏறிவந்து தொப்புளின் மேல் படுத்துக்கொள்கிறது. நேற்றுவரை அது எங்கே படுத்தால் என்ன என்றுதான் இருந்தார். மகன் போடச் சொன்னான், போட்டார், அவ்வளவுதான். இன்று அப்படி இருக்க முடியவில்லை. இன்று மத்தியானம் இதே மாதிரி ஒரு பெரிய பிக்கப் வண்டியின் பின் சீட்டில், டிரைவருக்கு நேர் பின்னால், இவர் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தார்; அதற்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம். வீட்டில் கிடந்து பருப்பை வேகப்போட்டிருக்கலாம். "எப்பா, வருசத்துக்கு ஒரு நாளுதான் வீட்டு ஆளுகள உள்ள விடுவாங்க, வாங்க" என்று மகன் கூப்பிட்டான். அவன் ஒன்றுக்குக் கூப்பிடுவதே அபூர்வம் என்பதால் இருப்பதில் நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சிகனின் அகலமான சாலை, ஓரத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி மிஞ்சிக் கிடக்கும் பனி, வெயிலே இல்லாத ஒரு சாயங்கால வெளிச்சம். மகன் இசக்கிராஜா ஓட்டுகிறான். அவனுக்கு வலப்பக்கத்தில் முன் சீட் காலியாக இருக்கிறது. காலி என்று சொல்லக்கூடாது. அவனுடைய வெள்ளை ஹெல்மெட்டும், விழாவில் மிஞ்சிய கேக்கை வைத்துக் கொடுத்த அட்டைப்பெட்டியும் அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. கேக்குக்கு முன்னால் ஒரு ஏர்பேக், பக்கத்தில் ஒரு ஏர்பேக். பெற்ற அப்பனுக்கு இந்தப் பெல்ட்.

மகனுக்கு ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை, வண்டிகளை மோதவிட்டுப் பார்ப்பது. ஊரில் யாருக்காவது இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் மாசானமுத்துவுக்கு வாய் வலித்துவிடும். புது வண்டியையா, வேணும்னேவா என்பார்கள். புது வண்டியைத்தான், வேண்டுமென்றேதான். கல்யாண மண்டபம் நாலைந்தை வரிசையாக இணைத்த மாதிரி நீண்ட கூடம். அந்தக் கோடியிலிருந்து ஆளில்லாத வண்டியைத் தடத்தில் இழுத்து விடுகிறார்கள். இந்தக் கோடியில் ஒரு கான்கிரீட் கட்டை, அதன் மூஞ்சியில் தேன்கூடு போல அலுமினிய அடைப்பு. வண்டியின் முழு முகமும் மோதுவதில்லை. எதிரே வருகிறவன் கோடு தாண்டி வந்து இடித்தால் எப்படியோ அப்படி, டிரைவர் பக்கத்துப் பாதி மட்டும். முன் சீட்டில் ஆம்பிளைப் பொம்மை. பின் சீட்டில் சின்னப் பொம்மை. குள்ளமான ஒரு பொம்பளை, இல்லை பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் மகன். லோரி என்று ஒரு வெள்ளைக்காரம்மா, அங்கே வேலை பார்ப்பவள், அந்தச் சின்னப் பொம்மையின் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். முகம் எங்கே போய் இடித்தது என்று பிறகு அந்தச் சாயம் காட்டிக்கொடுக்குமாம். நெற்றிக்கு நீலம், கன்னத்துக்கு மஞ்சள். மஞ்சள் பூசிய அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் உலகம்மாள் நினைப்பு வந்துவிட்டது. செத்து இரண்டு வருஷமாகிவிட்ட மனைவி, வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. அவளும் அந்த உயரம்தான். லோரி பொம்மையின் கைகளை எடுத்துத் தொடைமேல் வைத்தாள், பெல்ட்டை மாட்டினாள், அது இடுப்பெலும்பின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஒரு சத்தம். காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வண்டியின் மூக்கு அப்பளமாக நொறுங்கிக் கிடக்க, ஆட்கள் உட்காருகிற கூண்டு மட்டும் ஒரு கோணல் இல்லாமல் நின்றது. முன் கதவு கையால் இழுத்ததும் திறந்துகொண்டது. ஆம்பிளைப் பொம்மை ஏர்பேக்கில் முகத்தைப் புதைத்து எழுந்து, முதல் பந்தியில் இடம் கிடைத்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார். அப்புறம்தான் அதையே பெரிய திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள்.

மெதுவாக ஓட்டியிருக்கக் கூடாது. பெல்ட் முதலில் இடுப்பில்தான் இருந்தது. பிறகு, அவசரமே இல்லாமல், பொம்மையின் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவிக்கொண்டு போக, பெல்ட் ஏறியது, எலும்பை விட்டு வயிற்றுக்கு. வயிற்றில் எலும்பு இல்லை. அங்கே குடல்தான் இருக்கிறது, அது எதைத் தாங்கும். மேல்பட்டை நெஞ்சை அமுக்கிக்கொண்டே கழுத்துப் பக்கம் நகர்ந்தது, கைகள் இரண்டும் முன்னால் பறந்தன, தலை குனிந்து குனிந்து, யாரையோ கும்பிடுகிற மாதிரி, முன் சீட்டின் முதுகுவரை போய்விட்டுத் திரும்பியது. வண்டிக்குள் யாரும் போய்ப் பார்ப்பதற்கு முன்பே சீட்டின் முதுகில் நீலமாக ஒரு தீற்றல் தெரிந்தது. திரையின் ஓரத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் போட்ட மாதிரி, கட்டங்கள் வந்தன. பச்சை, பச்சை, பச்சை, பச்சை. பின் சீட்டுக்குச் சிவப்பு. ஒவ்வொரு பச்சைக்கும் எழுந்த கைதட்டல் நின்றுபோயிற்று. யாரோ இருமினார்கள். இசக்கிராஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றான். அந்தப் பின் சீட் பெல்ட் அவன் பொறுப்பு. புது வண்டிக்கு அதை நல்லபடியாகக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் இரண்டு வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தான். பழைய வண்டியின் பெல்ட் இதைவிட மோசம். பழைய வண்டி என்றால் இது, இவர்கள் இப்போது போகிற வண்டி. இதையும் அவனே ஒரு தடவை இவரிடம் சொல்லியிருக்கிறான், சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே. கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "போலாம்ப்பா." சொல்லிவிட்டு எப்போதும் போலப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இவரும் எப்போதும் போல ஏறிக்கொண்டார். அந்தக் கதவு மூடின சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. அவனுக்கு ஞாபகம் வரவில்லையா? சிவப்புக் கட்டத்தை அவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தவனுக்கு, அந்தக் கட்டத்துக்குள்ளேயே அப்பாவை ஏற்றிவிடுகிறோம் என்று தோன்றவில்லையா? இல்லை, தோன்றித்தான் ஏற்றினானா? சீ, என்ன புத்தி இது. பெற்ற பிள்ளையை அப்படி நினைக்கலாமா. பெல்ட் ஏறிவிட்டது. இறக்கினார்.

பின் சீட்டுக்கு இவராகத்தான் வந்தார், அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வந்த புதிதில் முன்னால்தான் உட்கார்ந்தார். இந்த ஊரில் எல்லாமே தலைகீழ். டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறான், பக்கத்தில் வருகிறவன் வலப்பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ்ஸின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய மனுஷனைக் கொண்டுவந்து அதே வலப்பக்கத்தில் உட்காரவைத்து, எதிரேயிருந்து ஸ்டீயரிங்கையும் காலடியிலிருந்து பிரேக்கையும் பிடுங்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான்? கண்ணாடி வழியாகத் தெரிகிற சாலை அதே கோணத்தில் தெரிகிறது. ஜன்னல் அதே கைப்பக்கம். உடம்பு நம்பிவிட்டது, டூட்டியில் ஏறிவிட்டோம் என்று. முன்னால் போகிற கார் சிவப்பு விளக்கைப் போட்டதும் இவருடைய வலது கால் ஓங்கி மிதித்தது. மிதித்த இடத்தில் ரப்பர் விரிப்புதான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. நிற்காததும் நெஞ்சு பதறி, இன்னும் ஓங்கி மிதித்து, "ஏ, ஏ, பாத்து, பாத்துல" என்று வாயும் சேர்ந்துகொண்டது. முதல் நாள் மகன் சிரித்தான். "எப்பா, அங்கன பிரேக் இல்ல." இரண்டாவது வாரமும் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. ஒரு நாள் கடைக்குப் போகும் வழியில், தொம்மென்று இவர் கால் விழுந்த சத்தத்தில் அவன் திடுக்கிட்டு, நிஜமாகவே திடுக்கிட்டு, வண்டியைக் கொஞ்சம் ஒடித்துவிட்டான். "இங்க பிரேக்க நாந்தான் போடணும். என்மேல நம்பிக்கை இல்லன்னா பின்னாடி போய் உக்காருங்க." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு இவரும் கத்தியிருப்பார், இரண்டு பேரும் கத்தி முடித்துக் காப்பி குடித்திருப்பார்கள். மெதுவாகச் சொன்னான், வெள்ளைக்காரர்களிடம் பேசுகிற குரலில். மறுநாள் இவர் விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். எதுக்குப்பா, சும்மா சொன்னேன், முன்ன வாங்க என்பான் என்று எதிர்பார்த்தார். அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். "சரி" என்றான். கதவைச் சாத்தினான். அன்றைக்குப் பனி பெய்யத் தொடங்கியிருந்தது. இப்போது அந்தப் பனியே உருகி ஓடப்போகிறது, இவர் இன்னும் பின் சீட்டில்தான் இருக்கிறார். ரோஷம் என்பதை நாமாக ஏற்றிவைத்துக்கொள்ளலாம். இறக்கிவைப்பதற்கு மட்டும் இன்னொரு ஆள் வந்து கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

பின்னாலிருந்து பார்த்தால் மகனுடைய தலையும் சரியாகத் தெரிவதில்லை. சீட்டின் தலைத்திண்டு, அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் காது, காதோரத்தில் நரை. நரைத்துவிட்டதே பிள்ளைக்கு. டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று இத்தனை வயதுக்கு மேல்தான் இவருக்குத் தெரிகிறது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம்வரை ஊர் ஜனமெல்லாம் இவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது. முதுகுக்குப் பின்னால் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும், ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று. உலகம்மாள் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இவர் வண்டியாகப் பார்த்துத்தான் ஏறுவாள். பொம்பளைகள் சீட்டில் முன்வரிசையில் உட்காருவாள். இறங்குகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கட்டின புருஷனிடமே. பலகையில் எழுதியிருக்கிறதே! வீட்டுக்கு வந்த பிறகு சேர்த்து வைத்துச் சொல்வாள். "இன்னைக்கு உங்களுக்கு நாலு கும்பிடு போட்டேன்" என்பாள். இவர் பிரேக் போட்டபோது நாலு தடவை முன்னால் போய் விழுந்தாளாம், அதைச் சொல்கிறாள். இவர் சிரிப்பார். கும்பிடு என்றால் என்ன என்று இன்றைக்குத் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. மஞ்சள் முகம் குனிந்து குனிந்து. அவள் முகம் எத்தனை தடவை கம்பிவரைக்கும் போய்த் திரும்பியிருக்கும்? கேட்கலாமென்றால் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் பஸ்ஸில் பெல்ட் ஏது. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி அடுப்பு மாதிரி கொதிக்கும். லீவு நாளில் இசக்கிராஜா அடம்பிடித்து வந்து, அதன் மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருவான். இவர் பிரேக்கில் காலை வைக்கும்போதெல்லாம் இடது கை தானாக நீண்டு பையன் நெஞ்சுக்குக் குறுக்கே போய் நிற்கும். யோசித்துச் செய்வதில்லை, காலும் கையும் ஒரே நரம்பில் கட்டியிருந்த மாதிரி. அதுதான் பெல்ட். அதற்கு யாரும் பச்சைக் கட்டமும் போடவில்லை, சிவப்புக் கட்டமும் போடவில்லை. விபத்தே இல்லாமல் ஓட்டினார் என்று ஒரு மாலை போட்டார்கள், ஒரு சால்வை போர்த்தினார்கள். பின்னால் விழுந்த கும்பிடுகளை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

வண்டி ஒரு பெரிய லாரியைத் தாண்டியது. தாண்டும்போது இவருடைய கால் விரிப்பில் அழுந்தியது. சத்தம் வராமல் அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தார். பின் சீட்டில் இது ஒரு வசதி, எவ்வளவு பிரேக் போட்டாலும் யாருக்கும் தெரியாது. எதற்கு இவ்வளவு பெரிய வண்டி இவனுக்கு? ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் தொட்டியில் ஒரு கல்யாணத்துச் சாமான் ஏற்றலாம். இரண்டு பேர் போகிறார்கள், அதுவும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிற மாதிரி. வாங்கினபோது மூன்று பேர் ஆகும் என்று நினைத்து வாங்கியிருப்பான். மருமகள் காவ்யா இருந்தாள் அப்போது. நல்ல பெண். அவள் ஏன் போனாள் என்று இவன் சொன்னதில்லை, இவர் கேட்டதில்லை. அவள் பொருள் என்று வீட்டில் ஒரு சீப்புகூட மிச்சமில்லை. அந்த முன் சீட்டின் சாய்மானம் மட்டும் அவள் வைத்த கோணத்திலேயே இருந்தது. இவர் முதன்முதலில் உட்கார்ந்தபோது ரொம்பச் சரிந்திருக்கிறதே என்று நிமிர்த்தப்போனார். "இருக்கட்டும்ப்பா" என்றான் அவசரமாக. பிறகு அவனே கையை நீட்டி நிமிர்த்திக் கொடுத்தான். அதையும் இப்போதுதான் யோசிக்கிறார். அதை நிமிர்த்திய கைக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டா தொம்தொம் என்று மிதித்தோம்? இந்தப் பையனோடு அந்தப் பெரிய வீட்டில் இருக்கிறோம். அவன் வேலை விட்டு வருகிறான், சாப்பிடுகிறான், திரையில் பொம்மைகள் விழுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான், படுக்கிறான். நாமும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம். ஒரு வீட்டில் இரண்டு பேர் தனியாக இருப்பதைவிட ஒருத்தர் தனியாக இருப்பது மேல். இதை நினைத்தவுடன் மாசானமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், யாரோ பார்த்துவிடுவார்கள் என்கிற மாதிரி. பார்க்க யார் இருக்கிறார்கள். பெல்ட் ஏறிவிட்டது.

சொல்லிவிடலாம். எல, பெல்ட்டு வயித்துக்கு ஏறுது என்று ஒரு வார்த்தை. நேற்றென்றால் சொல்லியிருக்கலாம். இன்று எப்படிச் சொல்வது? இரண்டு வருஷம் பாடுபட்டு, நாலு பேர் முன்னால், அதுவும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவைத்த அன்றைக்குத் தோற்றுவிட்டு வருகிறான். பிள்ளை பாஸாகும் என்று ரிசல்ட் பார்க்கப் போன மாதிரிதான் போனார்கள் இரண்டு பேரும். இப்போது போய், நீ செய்கிற பெல்ட் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வதா? முன்னால் வருகிறேன் என்றாலும் அதேதான் அர்த்தம். அப்பனே நம்பவில்லை என்று ஆகிவிடும். ரோஷத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போய், இப்போது பாசத்துக்காக வாயைக் கட்ட வேண்டியிருக்கிறது; கட்டின வாய் என்னமோ ஒன்றுதான். வேறு மாதிரி ஆரம்பிக்கலாம். குளிருது, முன்ன ஹீட்டர் நல்லா வருமா? வேண்டாம், பின்னாலும் ஹீட்டர் இருக்கிறது, அங்கிருந்தே கூட்டிவிடுவான். தலை சுத்துது? ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிடுவான். கேக் பெட்டி சாயுது, நான் வேணா முன்ன வந்து பிடிச்சுக்கட்டுமா? கேக்குக்காக ஒருத்தன் சீட் மாறுவானா, கிறுக்குப் பயலா இவன் நம்புவதற்கு. கண்ணை மூடினால் மஞ்சள் முகம் குனிந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே இதே சீட் முதுகு, இதே கறுப்புத் தோல், நீலத் தீற்றல் இருந்த அதே உயரம். நம் நெற்றி அங்கேதான் போய் இடிக்கும் என்று அளந்து பார்த்தார். பாவம், லோரி எவ்வளவு பதமாகப் போட்டுவிட்டாள் அந்தப் பெல்ட்டை. பதமாகப் போட்டும் ஏறியது. சாவுக்குப் பயந்து இல்லை. அந்த வயது தாண்டியாயிற்று. இந்த இடத்தில், பேச்சுவார்த்தை இல்லாமல், இவன் முதுகுக்குப் பின்னால், இவனுக்குத் தெரியாமலே போய்விட்டால் என்கிறதுதான். அப்புறம் இவன் ஆயுசு முழுக்க அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "எப்பா" என்றான் மகன் திடீரென்று. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னல?" "பெல்ட்டு போட்டிருக்கீங்கள்ல?" "போட்டிருக்கேன்." "கீழ எறக்கிப் போட்டிருக்கீங்களா?" "எறக்கித்தான் போட்டிருக்கேன்." அவன் காது சிவந்திருந்தது. அப்படியானால் அவனுக்கும் அதே நினைப்புதான். நினைத்துக்கொண்டேதான் ஓட்டுகிறான். நினைக்கிறவன் வாயைத் திறந்து முன்னால் வாங்க என்று சொன்னால் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா? இவருக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததும் ஆறுதலாக இருந்தது, உடனே கோபம் போய்விட்டது. அவன் கூப்பிட்டு இவர் வரமாட்டேன் என்றுவிட்டால்? அவனுக்கும் அந்தப் பயம் இருக்குமோ? ஓட்டுநரிடம் பேசாதீர்கள். அந்தப் பலகையை எழுதின பெயிண்டர் கையில் கட்டி முளைக்க.

அப்போதுதான் முன்னால் போன கார்களில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. தூரத்தில் என்னவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவர் கால் விழுந்தது. இரண்டு காலும் விழுந்தன, தொம்மென்று, ஒளிக்க நேரமில்லை. வண்டியும் நிஜமாகவே மூக்கைக் கீழே குத்தியது. மகன் முழுப் பிரேக்கையும் போட்டுவிட்டான். உடம்பு முன்னால் போயிற்று. பெல்ட் சிக்கெனப் பிடித்தது, வயிற்றிலா இடுப்பிலா என்று பார்க்கவில்லை, ஏனென்றால் இவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுடைய வலது கை ஸ்டீயரிங்கை விட்டு விசுக்கென்று நீண்டு பக்கத்துச் சீட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, விரல்கள் விரிந்து, ஒரு நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில். அங்கே நெஞ்சு இல்லை. கேக் பெட்டி கையின் அடியில் நழுவி முன்னால் சறுக்கிக் கீழே விழுந்தது, ஹெல்மெட் உருண்டது. வண்டி நின்றது. முன்னால் நின்ற காருக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம், அவ்வளவுதான் இடம். எல்லாம் நின்ற பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. காலிச் சீட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. மாசானமுத்து அந்தக் கையையே பார்த்தார். முழங்கையை எப்படி மடக்காமல் வைத்திருக்கிறான், கட்டைவிரலை எப்படி விலக்கி வைத்திருக்கிறான். அது இவர் கை. எஞ்சின் மூடிக்கு மேல் நீண்ட அதே கை, இடது வலதாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். யாருக்காக நீண்டது? காவ்யாவுக்காகவும் இருக்கலாம். நமக்காகவும் இருக்கலாம், இந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பிரேக்குக்கும் நீண்டிருக்கலாம், நாம்தான் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் மிதிப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டோம். இவருக்கு அழுகை வந்தது, அதை விழுங்கப் பார்த்து முடியாமல் இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவன் சுயநினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய்த் திரும்பினான். "எப்பா! எப்பா, ஒண்ணும் ஆகலியே? வயித்துல இழுத்துச்சா? எங்க வலிக்கி?" "ஒண்ணுஞ்செய்யல." "நெசமாவா?" "அட, ஒண்ணுமில்லல." பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிக்கொண்டு வண்டியை மெல்ல உருட்டினான். இனிமேல் நினைத்துக்கொண்டிருந்தால் வீடே வந்துவிடும். "ஏ ராசா" என்றார் மாசானமுத்து. "ஓரமா எங்கயாவது நிப்பாட்டு. நான் முன்ன வாரேன்." அவன் தோள் ஒரு கணம் விறைத்தது. பெல்ட்டுக்காகத்தான் என்று நினைத்துவிட்டான், நினைக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. "அதுக்கில்லல. இங்கன இருந்து ஒங்கூடப் பேசணும்னா கத்த வேண்டியிருக்கு. தொண்டை வலிக்கி." அவன் அடுத்த விலகு சாலையில் திரும்பி, ஒரு பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி ஓடிவந்து முன் கதவைத் திறந்தான். ஹெல்மெட்டை எடுத்துப் பின்னால் போட்டான். நசுங்கின கேக் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், நாற்பது வயது ஆம்பிளை. "நானே கூப்பிடணும்னுதாம்ப்பா நெனச்சேன். கோவத்துல இருக்கீங்கன்னு..." "கோவந்தான். அதுக்கென்ன இப்ப? பிடி, ஏறிக்கிடுதேன்."

பஸ்ஸில் ஏறுகிற மாதிரி கம்பியைப் பிடித்து ஏறி வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். சாய்மானம் நிமிர்ந்தே இருந்தது. பெல்ட்டை மகனே இழுத்து மாட்டிவிட்டான்; மாட்டிவிட்டு இடுப்பெலும்பின் மேல் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான், லோரி பார்த்த மாதிரியே. இவர் பார்க்கவிட்டார். வண்டி கிளம்பியது. சாலை பழைய கோணத்துக்கு வந்துவிட்டது, ஜன்னல் பழைய கைப்பக்கம். பேச வேண்டும் என்றுதான் முன்னால் வந்தார். வந்ததும் பேச்சு ஒன்றும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. "அந்தப் பெல்ட்டு" என்று ஒரு தடவை ஆரம்பித்தார். "சரியாயிரும்லா?" "தெரியலப்பா. மறுபடி முதல்லேருந்து பாக்கணும்" என்றான். தூரத்தில் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. இவர் வலது கால் தானாக எழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்லக் கேட்காமல் விரிப்பில் போய் அழுந்தியது, தொம்மென்று. அழுந்தின அதே நொடியில் வண்டி வேகம் குறைந்தது. இவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார், இன்னும் குறைந்தது. கோட்டருகில் மெத்தென்று நின்றது. சந்தேகத்தோடு மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் சாலையைப் பார்த்தபடி இருந்தான், ஆனால் அவன் பார்வை ஒரு தடவை கீழே, இவர் காலுக்குப் போய் வந்ததை இவர் பார்த்துவிட்டார். "சரியா நின்னுச்சாப்பா?" என்றான். "இன்னும் கொஞ்சம் முந்தியே அமுக்கணும்ல" என்றார் மாசானமுத்து. "பின்னால ஆளு இருக்கும்லா." "சரிப்பா" என்றான் அவன். பின்னால் ஹெல்மெட்டும் நசுங்கின கேக் பெட்டியும்தான் இருந்தன. சிக்னல் பச்சைக்கு மாறியது; இவர் காலை எடுத்தார், வண்டி நகர்ந்தது. வீடு போய்ச் சேர இன்னும் நாலைந்து சிக்னல் இருந்தது.